நடுநிலை என்ற பெயரில் ஒரு விலகல்

மனித மரபியல் ஆய்வாளர்களின் சங்கம் எதற்காக இருக்கிறது என்று கேட்டால், படித்தவர்களில் பெரும்பாலோர் ஒரே விடையைத்தான் சொல்வார்கள்: மாநாடு கூட்டுவதற்கு, ஆய்விதழ் நடத்துவதற்கு, இளைய ஆய்வாளர்களைப் பழக்குவதற்கு. ஆய்வு முடிவு வெளியே போனபின் அதை வைத்து ஊர் என்ன செய்கிறது, பெண் பார்க்க வந்தவர்கள் என்ன செய்கிறார்கள், காப்பீட்டு நிறுவனமும் அமைச்சகமும் என்ன செய்கின்றன என்பதெல்லாம் சங்கத்தின் கவலை இல்லையாம். அதற்கு அரசு இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது. இந்தக் கருத்து ஆய்வுக்கூடங்களுக்குள் மட்டும் புழங்குவதில்லை. பத்திரிகை ஆசிரியர்களும் அதிகாரிகளும், அறிவியல்மீது உண்மையான மதிப்புள்ள பொது வாசகர்களும்கூட இதை நாகரிகமான தன்னடக்கம் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு இது பொறுப்பைக் கைகழுவும் செயலாகத் தெரிகிறது. அதற்கு விலை கொடுத்தவர்கள் யார் என்பதைச் செங்கல்பட்டு வட்டாரத்திலிருந்தே காட்டத் தொடங்கலாம்.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு வலுவோடு முதலில் சொல்லிவிடுகிறேன். உண்மை வேறு, மதிப்பீடு வேறு. மரபணுவில் இருப்பதைச் சொல்லும் தகுதி மரபியலாளருக்கு உண்டு, மனிதர் எப்படி வாழவேண்டும் என்று சொல்லும் தகுதி அவருக்கு மற்றவரைவிடக் கூடுதலாக இல்லை. அடுத்து, அறிவியல் தவறு செய்தாலும் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும், காத்திருந்தால் போதும். கருவியைச் செய்தவரை அதன் துர்ப்பயனுக்குக் குற்றவாளி ஆக்குவது நியாயம் இல்லை. அரசியலுக்குள் நுழைந்த அறிவியல் உருப்படாது என்பதற்குச் சோவியத் நாடே சாட்சி: மரபியலாளர் நிகோலாய் வவிலோவ் 1943-இல் சரத்தோவ் சிறையில் இறந்தார், 1948-இல் லைசென்கோவின் கோட்பாடு அரசுக் கொள்கையாகி, மெண்டல் வழி மரபியலே அங்கே தடைப்பட்டது. கடைசியாக, நெறிமுறைக் குழுக்களும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளும் ஏற்கெனவே இருக்கின்றன. சங்கம் வேறு எதற்கு வாய் திறக்க வேண்டும்? இவற்றில் ஒன்றுகூட அற்பமான வாதம் இல்லை. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால்தான் எங்கே உடைகின்றன என்பது தெரியும்.

1. அறிவியல் தன்னைத் திருத்திக்கொள்கிறது, சரி. அது சொல்லிவிட்டுப் போன சொல்லை ஊரின் வாயிலிருந்து யார் திரும்ப வாங்குவது? சிங்கப்பெருமாள் கோயிலில் மின்சார ரயில் ஏறினால் செங்கல்பட்டுப் பக்கம் அடுத்த நிறுத்தம் பரனூர். அங்கே தொழுநோயாளிகளுக்கான அரசு மறுவாழ்வு இல்லம் இருக்கிறது. செங்கல்பட்டை ஒட்டிய திருமணியில் 1924-இல் தொடங்கப்பட்ட லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையை 1955-இல் மத்திய அரசு ஏற்று, தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிலையமாக மாற்றியது. மருத்துவர் ராபர்ட் காக்ரேன் 1940-களில் சல்போன் மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்து ஆராய்ந்த இடம் அது. நோயைக் குணப்படுத்த முடியும் என்று உலகத்துக்குக் காட்டியதில் பங்குள்ள ஒரு வட்டாரத்தில், குணமானவர்கள் வீடு திரும்ப முடியாமல் தங்கிப்போனதற்குக் காரணம் என்ன? மருந்து கிருமியைக் கொன்றது. குடும்பத்தின்மேல் விழுந்திருந்த பெயரை அதனால் தொட முடியவில்லை.

அந்தப் பெயரை ஊர்க்காரர்களின் அறியாமையில் மட்டும் கட்டிவிட முடியாது. அக்காலத்து முதல்தர அறிவியலும் அதையேதான் சொன்னது. 1847-இல் நார்வே நாட்டு மருத்துவர்கள் டேனியல்சென், போயக் இருவரும் தொழுநோயைப் பரம்பரை நோய் என்று எழுதினார்கள். ஐரோப்பாவின் மருத்துவ உலகம் அதை ஏற்றது. லண்டன் மருத்துவர்களின் அரச கல்லூரி 1867-இல் வெளியிட்ட அறிக்கையும், இது தொற்றுநோய் இல்லை என்று சொல்லி அந்தப் பக்கமே சாய்ந்தது. 1873-இல் ஹான்சென் தொழுநோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டார். 1890–91-இல் இந்தியா முழுதும் சுற்றிய தொழுநோய் ஆணையம், இது பரம்பரையாக வருவதில்லை, தொற்றும் அபாயமும் குறைவு என்று எழுதிவைத்தது. அறிவியல் தன்னைத் திருத்திக்கொண்டாயிற்று. ஆனால் 1898-இல் தொழுநோயாளர் சட்டம் வந்தது. ஏழை நோயாளிகளைப் பிடித்து அடைக்க அது வழி செய்தது. பல காப்பகங்களில் ஆண்களையும் பெண்களையும் பிரித்து வைத்தார்கள். பிள்ளைகளைப் பெற்றவர்களிடமிருந்து எடுத்துவிட்டார்கள். தொற்றும் என்ற பயமும் பரம்பரையாக வரும் என்ற பயமும் ஒன்றுக்கொன்று முரணானவை. கல்யாணப் பேச்சில் மட்டும் இரண்டும் கைகோத்துக்கொண்டு ஒரே குடும்பத்தை விலக்கின. அந்தச் சட்டம் நீக்கப்பட்டது 2016-இல். தொழுநோயை விவாகரத்துக்கோ பிரிந்து வாழ்வதற்கோ காரணமாக வைத்திருந்த ஐந்து சட்டங்களைத் திருத்தியது 2019-இல். கிருமியைக் கண்ட நாளிலிருந்து 146 ஆண்டுகள். காத்திருந்தால் போதும் என்பவர்கள் இந்தக் கணக்கில் தங்கள் பங்கைச் சொல்ல வேண்டும்.

இது பழங்கதை என்று தள்ளவும் வழியில்லை. தென்னிந்தியக் குடும்பங்களை ஆராய்ந்த ஒரு குழு, பத்தாவது குரோமோசோமின் ஒரு பகுதிக்கும் தொழுநோய்க்கும் தொடர்பிருப்பதாக 2001-இல் எழுதியது. அது நல்ல அறிவியல்தான். இந்தக் கிருமியை மிகப் பெரும்பான்மையான மனித உடல்கள் தாமே விரட்டிவிடுகின்றன. சிலர் உடல் மட்டும் ஏன் தடுமாறுகிறது என்பது கேட்க வேண்டிய கேள்வி. ஆனால் அந்த முடிவு ஒரு நாளிதழின் மூலைச் செய்தியாகச் சுருங்கி ஊருக்கு வரும்போது என்னவாகும் என்பதை, முன்பு ஒரு நூற்றாண்டுக்கு மேல் என்ன ஆனது என்று தெரிந்த எவரும் சொல்லிவிடலாம். கிருமி இல்லாமல் நோய் இல்லை, மருந்து இலவசம், மருந்து தொடங்கினால் தொற்றுவது நின்றுவிடும், பிள்ளைக்குப் பெண் கொடுக்கத் தடை எதுவும் இல்லை என்ற நான்கு வாக்கியங்களை அந்தச் செய்தியோடு சேர்த்துத் தமிழில் சொல்வது யாருடைய வேலை? நிருபருக்கு அது தெரியாது. அரசு மருத்துவருக்கு அந்த ஆய்வே கண்ணில் பட்டிருக்காது. தெரிந்தவர்கள் மரபியலாளர்கள் மட்டும்தான்.

2. உண்மையை மட்டும் சொல்கிறோம் என்பவர்கள், எந்த உண்மையைச் சுவரில் ஒட்டுகிறார்கள், எதை ஆய்விதழுக்குள் வைத்துப் பூட்டுகிறார்கள் என்று பாருங்கள். தமிழ்நாட்டின் மரபியல் ஆலோசனை முழுவதும் ஒரு வாக்கியத்தைச் சுற்றியே வருகிறது: சொந்தத்தில் கல்யாணம் வேண்டாம். 2019–21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 28 விழுக்காடு திருமணங்கள் உறவுக்குள் நடந்தவை. நாட்டிலேயே உயர்ந்த அளவுகளில் ஒன்று. தாய்மாமனைக் கட்டினாலும் அத்தை மகனைக் கட்டினாலும் ஒடுங்கு மரபணுக் கோளாறுகள் பிள்ளைகளிடம் வெளிப்படும் வாய்ப்பு கூடுகிறது என்பது உண்மை. அந்த வாய்ப்பின் அளவு என்ன? பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த பிட்டில்ஸ், பிளாக் இருவரும் 2010-இல் சொன்னது: அத்தை, மாமன் மக்கள் மணந்து பெறும் பிள்ளைகளிடையே இளவயது இறப்பு, உறவில்லாதோர் பிள்ளைகளைவிட நூற்றுக்குச் சுமார் மூன்றரை அதிகம். வடஆற்காடு மாவட்டத்தில் ராவும் இன்பராஜும் 1970-களில் செய்த பெரிய ஆய்விலோ, கருச்சிதைவில் குறிப்பிடத்தக்க வேறுபாடே தென்படவில்லை. ஆக, எச்சரிக்கை நியாயமானது; ஆனால் குறையுள்ள பிள்ளையைப் பெற்ற ஒவ்வொரு தாயையும் அவள் கல்யாணத்தைச் சொல்லிக் குத்திக்காட்டும் அளவுக்கு அதில் எதுவும் இல்லை.

இப்போது சுவரில் ஒட்டாத உண்மைக்கு வருகிறேன். சாதிக்குள்ளேயே மணந்துகொள்வதும் அதே வகை ஆபத்தைத்தான் உண்டாக்குகிறது. கண்ணுக்குத் தெரியாமல் உண்டாக்குகிறது. ஒரு சிறு கூட்டத்திலிருந்து பெருகி, பல தலைமுறைகளாக வெளியே பெண் கொடுக்காமல் எடுக்காமல் இருந்த குழுவில், ஒரு மூதாதையிடம் இருந்த அரிய மாற்றம் எல்லா வீட்டுக்கும் பரவிவிடும். மாப்பிள்ளையும் பெண்ணும் எந்த உறவும் இல்லாதவர்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே இருவரும் அதைச் சுமந்திருக்கலாம். டேவிட் ரெய்ச், குமாரசாமி தங்கராஜ் உள்ளிட்டோர் 2009-இல் தொடங்கிவைத்த இந்த ஆய்வு 2017-இல் விரிந்தது. ஆராய்ந்த 263 தெற்காசியக் குழுக்களில் 81-இல், அப்படிச் சிறு கூட்டத்திலிருந்து பெருகியதன் தடயம், பின்லாந்து மக்களிடமும் அஷ்கெனாசி யூதர்களிடமும் காணப்படுவதைவிட வலுவாக இருந்தது. யூதர்களிடையே அந்த அறிவைக் கொண்டு டே–சாக்ஸ் என்ற மரபணு நோயை ஏறத்தாழ ஒழித்தார்கள். நம்மிடம்? தென்னிந்திய வணிகச் சமூகம் ஒன்றில், அறுவை சிகிச்சையின்போது கொடுக்கும் ஒரு தசைத் தளர்த்தி மருந்தை உடைக்கும் நொதி பலருக்குக் குறைவு. மயக்கம் தெளிந்தபின்னும் மூச்சு விட முடியாமல் அவர்கள் தவிக்க நேரும். மயக்க மருத்துவருக்கு முன்பே தெரிந்தால் மருந்தை மாற்றிவிடுவார், அவ்வளவுதான் சிகிச்சை. அந்தச் சமூகத்தின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அந்தப் பெயர் போய்ச் சேர வேண்டிய இடம் அவர்கள் வீடும் அவர்கள் போகும் ஆஸ்பத்திரியும். கட்டுரையின் நடுவில் கிடந்தால் அது வேறு வேலைக்குத்தான் பயன்படும்.

உறவுத் திருமணத்தைப் பற்றிப் பேசினால் யாரும் கல்லெறிய மாட்டார்கள். சாதிக்குள் திருமணம் உடல்நலத்துக்குக் கேடு என்று அதே சுவரில் எழுதினால் கட்டாயம் எறிவார்கள். ஒன்றைச் சொல்லி இன்னொன்றை விழுங்கும் தேர்வை அறிவியல் செய்யவில்லை; மனிதர்கள் பயந்து செய்தார்கள். அதற்கு நடுநிலை என்று பெயர் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். சும்மா இருப்பதால் இன்னொரு கேடும் வருகிறது. இதே தரவுகளை எடுத்துக்கொண்டு, சாதி மரபணுவிலேயே இருக்கிறது பாருங்கள் என்று பேசுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். தரவு சொல்வது நேர்மாறானது. மூர்ஜானியும் சக ஆய்வாளர்களும் 2013-இல் காட்டியபடி, ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை இந்த நாட்டில் எல்லோரும் எல்லோரோடும் கலந்தார்கள்; பிறகுதான் கதவு சாத்தப்பட்டது. சாத்தியது மனிதர் வகுத்த விதி. மரபணு அந்த விதியின் தழும்பைச் சுமக்கிறது, விதியைப் பிறப்பிக்கவில்லை. இதை உரத்துச் சொல்ல வேண்டிய அறிஞர் கூட்டம் பேசாதபோது, பேசுகிறவன் வைத்ததுதான் பொருள் ஆகிவிடுகிறது.

வாய் திறந்தவர்களும் நம்மிடம் இருந்தார்கள். மானுடவியலாளர் ஐராவதி கார்வே 1920-களின் கடைசியில் பெர்லினில், ஓய்கன் ஃபிஷர் தலைமையில் இருந்த மானுடவியல், மரபியல், இனமேம்பாட்டு நிலையத்தில் மண்டையோடுகளை அளந்தார். வெள்ளையரின் மூளை மேலானது என்று காட்டும் முடிவை எதிர்பார்த்த வழிகாட்டியிடமே, அப்படி ஒரு வேறுபாடு இல்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டு வந்தார். அதே கார்வே, சங்வி, பாலகிருஷ்ணன் ஆகியோருடன் உருவாக்கிய தமிழ்நாட்டு மக்களின் உயிரியல் பற்றிய நூலை 1981-இல் இந்திய மனித மரபியல் சங்கமும் இந்திய மானுடவியல் சங்கமும் வெளியிட்டன. நம் மக்களை அளந்த தரவு அச்சேறி 40 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அளக்கப்பட்டவர்களில் எத்தனை பேர் வீட்டுக்கு அது என்ன சொல்கிறது என்ற விளக்கம் அவர்கள் மொழியில் போனது என்பதே கேள்வி.

3. கருவியைச் செய்தவருக்குப் பொறுப்பில்லை என்ற வாதம், துர்ப்பயன் முன்கூட்டித் தெரியாதபோது மட்டும் செல்லும். பனிக்குட நீர்ப் பரிசோதனை இந்தியாவுக்கு வந்தது கருவின் குரோமோசோம் கோளாறுகளைக் கண்டறிய. டெல்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் 1974–75-இல் அது சோதனையாகத் தொடங்கியது. வந்த தாய்மார்களில் பலர் தெரிந்துகொள்ள விரும்பியது கோளாறை இல்லை, கருவின் பாலை. பெண் என்றால் கலைக்க வேண்டும் என்றார்கள். அதாவது துர்ப்பயன் வேறெங்கோ, பின்னாளில் முளைக்கவில்லை. பரிசோதனை மேசையிலேயே, முதல் சில மாதங்களிலேயே, மரபியலாளர்களின் கண் முன்னே நின்றது. இன்றைக்குச் சில நூறு ரூபாய் கொடுத்தால் நாளைக்கு வரதட்சணை மிச்சம் என்று 1980-களில் வட இந்தியத் தனியார் மருத்துவமனைகள் விளம்பரம் செய்தன. எதிர்த்துத் தெருவுக்கு வந்தவர்கள் யார்? பெண்கள் அமைப்புகள். பம்பாயில் அவர்கள் நடத்திய போராட்டத்தால் 1988-இல் மகாராஷ்டிரத்தில் சட்டம் வந்தது. நாட்டுக்கான சட்டம் 1994-இல் நிறைவேறி 1996 ஜனவரியில் நடப்புக்கு வந்தது. அது காகிதமாகவே கிடந்ததால் 2000-இல் செஹத், மாசும் அமைப்புகளும் சமூக ஆர்வலர் சாபு ஜார்ஜும் உச்ச நீதிமன்றம் போனார்கள். ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் ஆயிரம் ஆணுக்குப் பெண் எண்ணிக்கை 1981-இல் 962, 1991-இல் 945, 2001-இல் 927. தமிழ்நாட்டில் சேலம் மாவட்டம் 1991-இல் 850-ஐ ஒட்டி இறங்கியிருந்தது. பெண் குழந்தைகளைப் பிறந்தபின் கொல்லாமல் விட்டுச்செல்ல 1992-இல் தொட்டில் வைக்க வேண்டிய நிலைக்கு அரசு வந்தது. பெண் சிசுவைக் கொன்ற வழக்கம் பரிசோதனைக்கு முன்பே இருந்தது என்பார்கள். உண்மை. அந்த வழக்கம் இருக்கும் ஊருக்குள் இந்தக் கருவி வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அதைவிடத் தெளிவான முன்னறிவிப்பு எது?

4. லைசென்கோவைக் காட்டிப் பயமுறுத்துகிறவர்கள் இரண்டு வேறு காரியங்களை ஒன்றாக்குகிறார்கள். சோவியத் நாட்டில் நடந்தது, ஆய்வின் முடிவு என்னவாக இருக்க வேண்டும் என்று அரசு கட்டளையிட்டது. இங்கே கேட்கப்படுவது, முடிவைச் சுதந்திரமாகக் கண்டவர்கள் அதன் பயன்பாட்டைப் பற்றியும் சுதந்திரமாகப் பேச வேண்டும் என்பது. இரண்டும் எதிரெதிர்த் திசைகள். பேசினால் சங்கம் உடைந்துவிடும் என்பதற்கும் வரலாறு துணை வரவில்லை. சீனா 1994-இல் தாய் சேய் நலச் சட்டம் ஒன்றை இயற்றியது. கடுமையான பரம்பரை நோய் உள்ளவர்கள் நிரந்தரக் கருத்தடைக்கு இசைந்தால்தான் மணக்கலாம் என்ற பொருளில் அதில் விதி இருந்தது. 1998-இல் உலக மரபியல் மாநாடு பெய்ஜிங்கில் கூடவிருந்தபோது பிரிட்டன், நெதர்லாந்து, அர்ஜெண்டினா மரபியல் சங்கங்கள் விலகி நின்றன. போனவர்கள் அங்கேயே அந்தச் சட்டத்தை விவாதத்துக்கு இழுத்தார்கள். அமெரிக்க மனித மரபியல் சங்கம் 1999-இல், பிள்ளைப்பேற்றில் கட்டாயத்தைப் புகுத்த மரபியலைப் பயன்படுத்துவதைக் கண்டித்துத் தனி அறிக்கை வெளியிட்டது. 2003-இல் சீனாவில் திருமணத்துக்கு முந்தைய கட்டாயப் பரிசோதனை கைவிடப்பட்டது. அதற்கு இந்தச் சங்கங்கள்தாம் காரணம் என்று நான் சொல்லவில்லை. பேசிய எந்தச் சங்கமும் அதனால் அழியவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

5. சட்டமும் நெறிமுறைக் குழுவும் பார்த்துக்கொள்ளும் என்றால், எந்தச் சட்டம்? நெறிமுறைக் குழு ஆய்வு தொடங்குமுன் ஒப்புதல் படிவத்தைப் பார்க்கிறது. முடிவு வெளிவந்து பத்தாண்டு கழித்து அது செய்யும் வேலையைப் பார்ப்பதில்லை. மரபணுவைக் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்கக் கூடாது என்று அமெரிக்காவில் 2008-இல் தனிச் சட்டம் வந்தது. இந்தியாவில் அப்படிப்பட்ட சட்டம் கிடையாது. இதயத் தசை தடிக்கும் நோயுள்ள ஒருவரின் காப்பீட்டுக் கோரிக்கையை, மரபணுக் கோளாறு விலக்கு என்று நிறுவனம் மறுத்தது. அது பாகுபாடு என்று 2018 பிப்ரவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னபிறகே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் சுற்றறிக்கை அனுப்பியது. அந்த வழக்கை நடத்தியவர் நோயாளி. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 2018, 2019 வரைவுகளில் மரபணுத் தரவு தனிக் காப்புக்குரிய வகையாக இருந்தது. 2023-இல் நிறைவேறிய சட்டத்தில் அந்த வகையே காணாமல் போயிற்று. 83 குழுக்களைச் சேர்ந்த ஏறத்தாழ 10,000 இந்தியரின் மரபணுத் தொகுதி 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டிருக்கும் நாட்டில் இது நடந்திருக்கிறது. அந்தத் தரவை நம்பித் தொழில் செய்கிறவர்கள், அதைக் கொடுத்தவர்களுக்காக வாதாடக் கூடாதா?

அரிவாள் செல் சோகையை 2047-க்குள் ஒழிப்பது என்ற தேசியத் திட்டம் 2023 ஜூலை 1 அன்று தொடங்கியது. பழங்குடிப் பகுதிகளில் 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது, ஒவ்வொருவருக்கும் அட்டை கொடுப்பது, திருமணத்துக்கு முன் இருவர் அட்டையையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்வது அதன் வழி. நோக்கம் நல்லது, இருவருமே கடத்திகளாக, அதாவது அந்த மரபணுவின் ஒரு பிரதியை மட்டும் சுமப்பவர்களாக, இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு நோய்க்கு உண்டு, இந்த நோயின் வலியை அனுபவிக்கும் பிள்ளையைப் பார்த்தவர்கள் யாரும் பரிசோதனை வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் கடத்தி என்பவர் பெரும்பாலும் நலமாகவே வாழ்கிறவர். அட்டை அதை ஊருக்குச் சொல்லுமா? கிரேக்க நாட்டின் ஒர்கோமெனோஸ் வட்டாரத்தில் 1960-களில் இதே பரிசோதனையைச் செய்து, 1970-களில் திரும்பப் போய்ப் பார்த்தவர்கள், கடத்திகள் கல்யாணச் சந்தையில் தாழ்ந்து போயிருந்ததையும் சிலர் தங்கள் நிலையை மறைத்ததையும் கண்டார்கள். அமெரிக்காவில் 1970-களின் தொடக்கத்தில் கறுப்பின மக்களைக் கட்டாயமாகப் பரிசோதிக்கச் சட்டங்கள் வந்தன; கடத்திகளை விமானப்படைப் பயிற்சிக் கழகம் 1981 வரை சேர்க்கவே இல்லை. நீலகிரிப் பழங்குடிகளிடம் இந்த மரபணு இருப்பதை லேமனும் கட்புஷும் 1952-இலேயே எழுதிவிட்டார்கள். அவர்களில் இருளர்களும் உண்டு. மாமல்லபுரம் கடற்கரையை ஒட்டி, வடநெம்மேலியில் பாம்பு நஞ்செடுக்கும் கூட்டுறவுச் சங்கம் நடத்தும் இருளர்கள் மலையைப் பார்க்காத சமவெளி மக்கள். பெயர் ஒன்றாக இருப்பதாலேயே ஒரு நோயின் பெயர் இவர்கள்மேலும் ஒட்டிக்கொள்ள ஒரு செய்தித் தலைப்பு போதும். எட்கார் தர்ஸ்டன் சென்னை அருங்காட்சியகத்தின் பெயரால் இவர்கள் மூக்கை அளந்து நூற்றாண்டு கடந்துவிட்டது. அந்த அளவுகளால் இவர்களுக்கு நன்மை எதுவும் விளையவில்லை. இரத்தம் எடுக்கும் இந்தத் தடவையாவது நிலைமை வேறாக இருக்க வேண்டும் என்று எழுந்து கேட்க, அறிவும் தகுதியும் உள்ள அமைப்பு எது என்பதில் சந்தேகம் உண்டா?

6. பிறகு மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்பது கடைசிப் புகலிடம். அமெரிக்க மனித மரபியல் சங்கம் 1948-இல் பிறந்தது; அதன் தொடக்ககாலத் தலைவர்களில் பலர் இனமேம்பாட்டுக் கழகத்திலும் பொறுப்பு வகித்தவர்கள். அந்த நாட்டில் 60,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு அவர்கள் விருப்பமின்றியே கருத்தடை செய்யப்பட்டது. மரபியலை இனப் பெருமைக்குப் பயன்படுத்துவதைச் சங்கம் 2018-இல் கண்டித்தது. தன் வரலாற்றைத் தானே ஆராய்ந்து, தன் மௌனத்துக்கும் உடந்தைக்கும் 2023 ஜனவரியில் மன்னிப்புக் கேட்டது. செய்யாமல் விட்டதைவிடச் செய்தது நல்லது, மறுக்கவில்லை. ஆனால் வயிறு அறுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் அதற்குள் இறந்துவிட்டார்கள். தும்பை விட்டு வாலைப் பிடிப்பதை முறைமையாக்கிக்கொள்ள நாம் ஆசைப்படக் கூடாது. நம் நாட்டில் 2022 மே மாதம், இனத் தூய்மையை ஆராய மத்தியக் கலாசார அமைச்சகம் நிதி ஒதுக்குவதாக ஒரு நாளிதழ் எழுதியது. செய்தி திரிக்கப்பட்டது என்றது அமைச்சகம். நூற்றுக்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் வரலாற்றாளர்களும் அத்தகைய ஆராய்ச்சிக்கே அடிப்படை இல்லை என்று பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். அவர்கள் தனித்தனி ஆட்களாகக் கையெழுத்திட்டவர்கள். அந்தத் துணிவை மதிக்கிறேன். தனிமனிதர் துணிந்தால் நடக்கும், துணியாவிட்டால் நடக்காது என்று இதை விட்டுவைக்கலாமா? சங்கம் என்ற ஒன்றைக் கட்டுவதே, தனி ஆளின் துணிவை நம்பியிருக்க வேண்டாம் என்பதற்காகத்தானே.

சங்கத்துக்கு ஆளும் பணமும் ஏது என்று கேட்பார்கள். கேட்கப்படுவது பெரிய செலவில்லை. ஒரு குழுவின் பெயரைச் சொல்லி வெளியாகும் ஆய்வுக்கு, அந்தக் குழு பேசும் மொழியில் இரண்டு பக்க விளக்கம் கட்டாயம் என்று ஆய்விதழில் ஒரு விதி. தலைப்பில் சாதிப்பெயர் கூடாது என்று இன்னொரு விதி. மரபணுப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டத்தின் வரைவை நாடாளுமன்றக் குழுவிடம் கொடுப்பது. தவறான செய்தி வந்தால் ஒரு வாரத்துக்குள் தமிழிலும் பிற மொழிகளிலும் மறுப்பு. அரிவாள் செல் அட்டையில் கடத்திக்கு நோயில்லை என்ற வரியை அச்சிடச் சொல்லித் திட்டத்தை நடத்தும் அமைச்சகத்துக்கு ஒரு கடிதம். செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரியிலும் மற்ற அரசுக் கல்லூரிகளிலும் ஆலோசனைக்கு வரும் தம்பதியிடம், சொந்தத்தில் கட்டியதைக் கேட்கும் அதே மூச்சில், உறவே இல்லாத ஒரே சாதிக்காரர்களுக்கும் இந்தப் பரிசோதனை வேண்டும் என்று சொல்லப் பயிற்சி. எதிர்ப்பு வருவது இந்தக் கடைசி வேலைக்குத்தான். அதனால் அதையே முதலில் தொடங்க வேண்டும்.